"பாத்துடா, கவனமா"ன்னு சொன்னா போதாது: கை தவறுற பிள்ளைங்க மூளைக்குள்ள என்ன நடக்குது?

என் பையனுக்கு ஏழு வயசு முடிஞ்சும் அண்ணாந்து தண்ணி குடிக்க வரல. செம்பைத் தூக்குவான், தலையைச் சாய்ப்பான், தண்ணி ஒண்ணு மூக்குல ஏறும் இல்லன்னா சட்டை பூரா நனைஞ்சிடும். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா இவன் தண்ணி கேட்டுடக் கூடாதேன்னு எனக்கு இருக்கும், அவனும் அதைப் புரிஞ்சுக்கிட்டு எவ்வளவு தாகமா இருந்தாலும் வாயே திறக்க மாட்டான், இப்ப நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது. சட்டை பட்டனை ஒண்ணு மாத்தி ஒண்ணு போடுவான். ரசம் சாதம் தட்டுல இருந்து வாய்க்குப் போறதுக்குள்ள பாதி மடியில கிடக்கும். நாலு கோடு நோட்டுல எழுத்து ஒண்ணு மேல பறக்கும் ஒண்ணு கீழ விழும். ஆனா அதே பையன் கதை சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான், கணக்கை வாயால கேட்டா டக்குனு விடை வரும்.

வீட்ல நாங்க எல்லாரும் அவன்கிட்ட சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான், "பாத்துடா, கவனமா". ஸ்கூல்ல மிஸ்ஸும் அதேதான், நோட்டுல சிவப்பு இங்க்ல "கவனம் தேவை". அப்புறம் ஒரு ஓடி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அவனை ஒரு மணி நேரம் பாத்துட்டு என்கிட்ட சொன்னாங்க, "உங்க வீட்லயே தண்ணி குடிக்கிறதுக்கு அதிகமா கவனம் செலவு பண்றது இவன்தான்மா, நீங்கல்லாம் கவனிக்காமலேயே குடிக்கிறீங்க". அந்த ஒரு வாக்கியம் புரியறதுக்கு எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. அது புரிஞ்சதுக்கு அப்புறம் நான் படிச்சது, கேட்டு தெரிஞ்சுக்கிட்டது எல்லாத்தையும், மருத்துவம் படிக்காத ஒரு அம்மாவா மத்த அம்மா அப்பாக்களுக்கு எளிமையா சொல்லணும்னுதான் இதை எழுதுறேன்.

இதுக்குப் பேர் டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸ்ஆர்டர், சுருக்கமா டிசிடி. டிஸ்ப்ராக்சியான்னும் நிறைய பேர் சொல்றாங்க. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தோட கையேடு சொல்றபடி 5 வயசுல இருந்து 11 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல நூத்துக்கு 5, 6 பேருக்கு இது இருக்கு. அப்படின்னா 40 பேர் இருக்கிற ஒரு கிளாஸ்ல ரெண்டு பேராவது இருக்கலாம், ஆனா நம்ம ஊர்ல இந்தப் பேரைக் கேள்விப்பட்ட டீச்சரை நான் இதுவரைக்கும் ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன். ஆம்பளப் பிள்ளைங்ககிட்ட அதிகமா தெரியுது. முன்னாடி இதை இங்கிலீஷ்ல "தடுமாறுற குழந்தை"ங்கிற அர்த்தத்துலதான் கூப்பிட்டாங்க, ஆஸ்திரேலியாவுல கபேங்கிற நரம்பியல் டாக்டர் 1975ல எழுதினப்பக்கூட அந்தப் பேர்தான். 1987லதான் அந்த அமெரிக்கக் கையேட்டுக்குள்ள இது தனியா இடம் பிடிச்சுது, 1994ல கனடாவுல நிபுணர்கள் கூடி இனிமே எல்லாரும் டிசிடின்னே சொல்லலாம்னு முடிவு பண்ணாங்க. பேர்ல என்ன இருக்குன்னு கேக்கலாம். "தத்தி"ன்னு கூப்பிடப்பட்ட ஒரு பிள்ளையோட அம்மாவா சொல்றேன், பேர்ல நிறைய இருக்கு.

எல்லா கை தவறலும் டிசிடி கிடையாது, அதையும் சொல்லிடுறேன். நாலு விஷயம் சேரணும். வயசுக்கும், கிடைச்ச பழக்கத்துக்கும் எதிர்பாக்கிற அளவுக்கு கை கால் வேலை வரல, அதுவும் கொஞ்சம் இல்ல, நல்லாவே பின்தங்கி இருக்கணும். அதனால அன்றாட வாழ்க்கை, படிப்பு, விளையாட்டு பாதிக்கணும். சின்ன வயசுல இருந்தே இருக்கணும். கடைசியா, பார்வைக் குறைபாடு, பெருமூளை வாதம், தசை நோய், அறிவு வளர்ச்சிக் குறைபாடு மாதிரி வேற ஒண்ணால இதை விளக்க முடியாம இருக்கணும். அஞ்சு வயசுக்கு முன்னாடி பெரும்பாலும் டாக்டருங்க இந்தப் பேரை வைக்க மாட்டாங்க, ஏன்னா சின்னப் பிள்ளைங்க வளர்ற வேகம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி, மூணு வயசுல பட்டன் போடத் தெரியாதது யாருக்கும் பெரிய விஷயம் இல்ல.

சரி, மூளைக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

நாம கையை அசைக்கிறோம்னா மூளையில ஒரு இடம் உத்தரவு போடுது, அது தண்டுவடம் வழியா இறங்கி தசைக்குப் போகுது, கை அசையுது. இவ்வளவுதான்னு நானும் நினைச்சிருந்தேன். அந்த உத்தரவு போடுற இடம் நிஜமாவே இருக்கு, தலையோட உச்சியில ஒரு காதுல இருந்து இன்னொரு காது வரைக்கும் ஹேர் பேண்டு போட்டா எங்க உக்காருமோ கிட்டத்தட்ட அந்தப் பட்டையில, மோட்டார் கார்டெக்ஸ்னு பேரு. கனடாவுல மான்ட்ரியல்ல பென்ஃபீல்டுங்கிற மூளை சர்ஜன் 1930கள்ல, நோயாளி முழிச்சிருக்கிறப்பவே மூளையோட மேல்பரப்பை லேசான கரண்டால தொட்டுத் தொட்டு, எங்க தொட்டா எந்த உறுப்பு அசையுதுன்னு ஒரு வரைபடமே போட்டாரு. அதுல முதுகுக்கும் தொடைக்கும் கொஞ்சூண்டு இடம், கை விரலுக்கும் உதடு நாக்குக்கும் பெரிய பெரிய இடம். பட்டன் போடுறதும் எழுதுறதும் எவ்வளவு நுணுக்கமான வேலைன்னு அந்தப் படத்தைப் பாத்தாலே தெரியும்.

ஆனா உத்தரவு மட்டும் போதாது. இருட்டுல மாடிப்படி இறங்குறப்ப இன்னும் ஒரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வெச்சிருக்கீங்களா? தரை சட்டுனு முன்னாடியே வந்துடும், உடம்பே ஒரு ஆட்டு ஆட்டிடும். இல்லன்னா குடம் நிறைய தண்ணி இருக்குன்னு நினைச்சுத் தூக்குவீங்க, அது காலியா இருக்கும், கை ஜிவ்வுனு மேல போயிடும். ஏன் அப்படி ஆகுது? ஏன்னா குடத்தைத் தொடுறதுக்கு முன்னாடியே உங்க மூளை "இவ்வளவு கனம் இருக்கும், இவ்வளவு பலம் போடணும், தூக்கினா கைக்கு இப்படித் தெரியும்"னு ஒரு கணக்குப் போட்டு வெச்சிடுச்சு. அந்தக் கணக்கு தப்பா போனப்பதான் அப்படி ஒரு கணக்கே ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு நமக்குத் தெரியவருது, மத்த நேரமெல்லாம் அது சத்தமே இல்லாம நடக்குது.

இந்த முன்கணக்கு ஏன் வேணும்னா, கண்ணு பாத்து, மூளைக்குச் சொல்லி, மூளை யோசிச்சு, கைக்குத் திருத்தம் சொல்றதுக்கு நேரம் ஆகுது. ஒரு விநாடியில பத்துல ஒரு பங்குல இருந்து அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும்னு வெச்சுக்கோங்க. கேக்க கம்மியா தெரியும். ஆனா விநாடிக்கு 10 மீட்டர் வேகத்துல ஒரு பந்து வருதுன்னா அந்த நேரத்துல அது ரெண்டு மீட்டர் வரைக்கும் வந்துடும். பந்து இப்ப இருக்கிற இடத்துக்குக் கையைக் கொண்டு போனா அது ஏற்கனவே நெஞ்சுல பட்டிருக்கும், பந்து வரப்போற இடத்துக்குத்தான் கை போகணும். கேட்ச் விடுற பிள்ளையைப் பாத்து "பந்தைப் பாருடா"ன்னு கத்துறோம், அவன் பாத்துக்கிட்டுதான் இருக்கான், பாத்துக்கிட்டே இருக்கிறதாலதான் லேட் ஆகுது.

இந்த முன்கணக்கு வேலையில பெரிய பங்கு சிறுமூளைக்கு. பின்மண்டையில, பிடரிக்கு மேல, பெருமூளைக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற சின்ன உருண்டை, மொத்த மூளை எடையில பத்துல ஒரு பங்குதான் இருக்கும். ஆனா பிரேசில் நாட்டு விஞ்ஞானிங்க 2009ல எண்ணிப் பாத்து சொன்ன கணக்குல, மனுஷ மூளையில இருக்கிற சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள்ல 6,900 கோடி இந்தச் சின்ன உருண்டைக்குள்ளதான் இருக்கு. உத்தரவு போடுற இடம் தசைக்கு உத்தரவு அனுப்புறப்பவே அதோட நகல் ஒண்ணு சிறுமூளைக்கும் போகுது. சிறுமூளை அந்த நகலைப் பாத்து "இப்படி அசைஞ்சா இப்படித் தெரியணும்"னு முன்கூட்டி சொல்லுது. அப்புறம் நிஜமா கையில இருந்தும் கண்ணுல இருந்தும் வர்ற தகவலோட ஒத்துப் பாக்குது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா, அந்த வித்தியாசத்தை வெச்சு அடுத்த தடவைக்குக் கணக்கைத் திருத்திக்குது. நாம பழக்கம்னு சொல்றது பெரும்பாலும் இந்தத் திருத்தம்தான். சைக்கிள் கத்துக்கிட்டப்ப முட்டி பேந்துச்சே, அந்த ஒவ்வொரு விழுகையும் சிறுமூளைக்கு ஒரு திருத்தம்.

இதுக்கு ஒரு அழகான சோதனை இருக்கு, இப்பவே செஞ்சு பாருங்க. உங்களை நீங்களே கிச்சுகிச்சு மூட்டுங்க. வராது. அடுத்தவங்க மூட்டினா மட்டும்தான் வரும், ஏன்னா உங்க விரல் எங்க எப்ப படும்னு உங்க மூளைக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்ச உணர்ச்சியோட சத்தத்தை அது குறைச்சிடுது. லண்டன்ல 1998ல இதை ஸ்கேனுக்குள்ள வெச்சே பாத்தாங்க, அந்தக் குறைக்கிற வேலையில சிறுமூளைக்குப் பங்கு இருக்குன்னு தெரிஞ்சுது.

சிறுமூளை தனியா எதையும் செய்யறதில்ல. உச்சந்தலைக்குக் கொஞ்சம் பின்னாடி பரைட்டல்னு ஒரு பகுதி, நம்ம உடம்பு எங்க இருக்கு, பொருள் எங்க இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ஒரு வரைபடத்தை அதுதான் எப்பவும் கையில வெச்சிருக்கு. நெத்திக்குப் பின்னாடி இருக்கிற பகுதி திட்டம் போடுறதுக்கும் புதுசா ஒண்ணை யோசிச்சு யோசிச்சு செய்யறதுக்கும். நடு ஆழத்துல பேசல் கேங்லியான்னு ஒரு கூட்டம், பழகின வேலையைத் தொடர்ச்சியா ஓட்டுறதுல அதுக்குப் பங்கு. ஒரு வேலை புதுசா இருக்கிறப்ப நெத்திப் பகுதி ரொம்ப உழைக்கும், பழகப் பழக அது கையை எடுத்துக்கிட்டு பின்னாடி இருக்கிறவங்ககிட்ட ஒப்படைச்சிடும். புதுசா கோலம் போட வர்ற பொண்ணு புள்ளியை எண்ணி எண்ணி நாக்கைக் கடிச்சுக்கிட்டு போடும், பத்து வருஷம் போட்ட அத்தை பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேசிக்கிட்டே போட்டு முடிச்சிடுவாங்க. அத்தையோட தலைக்குள்ள கோலம் இடம் மாறி உக்காந்திருக்கு, அதனாலதான் பேசறதுக்கு நெத்திப் பகுதி காலியா இருக்கு.

டிசிடி பிள்ளைங்களுக்கு இந்த இடம் மாறுறதுதான் சரியா நடக்க மாட்டேங்குது, இதை மட்டும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க.

இதை ஊகமா மட்டும் சொல்லல. எஃப்எம்ஆர்ஐன்னு ஒரு ஸ்கேன் இருக்கு, மூளையோட எந்தப் பகுதி அதிகமா உழைக்குதோ அங்க ரத்தத்துல ஆக்சிஜன் அளவு மாறும், அந்த மாற்றத்தைப் பிடிச்சுக் காட்டும், ஜப்பான் விஞ்ஞானி ஒகாவா 1990ல இதுக்கு அடிப்படை போட்டாரு. கனடாவுல ஜில் ஸ்விக்கர்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் 8ல இருந்து 12 வயசுல டிசிடி இருக்கிற பிள்ளைங்களையும் இல்லாத பிள்ளைங்களையும் இந்த ஸ்கேனுக்குள்ள படுக்க வெச்சு, ஒரு பாதைக்குள்ள வெளிய போகாம கோடு இழுக்கச் சொன்னாங்க. 2010ல வெளிவந்த முடிவு என்னன்னா, கோடு இழுத்ததுல ரெண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா டிசிடி பிள்ளைங்க மூளையில கூடுதலா பல இடங்கள் உழைச்சிருந்துச்சு. அடுத்த வருஷம் வந்த முடிவு இன்னும் முக்கியம். கொஞ்ச நாள் பழக்கம் கொடுத்துட்டு மறுபடி பாத்தப்ப மத்த பிள்ளைங்க முன்னேறியிருந்தாங்க, டிசிடி பிள்ளைங்களுக்கு அந்த முன்னேற்றம் வரல, சிறுமூளைக்கும் பரைட்டலுக்கும், சிறுமூளைக்கும் நெத்திப் பகுதிக்கும் நடுவுல இருக்கிற வலைப்பின்னல்ல உழைப்பும் கம்மியா இருந்துச்சு. ஜப்பான்ல கஷிவாகி குழு 2009ல பசங்ககிட்ட நகர்ற ஒரு குறியை ஜாய்ஸ்டிக்கால துரத்தச் சொல்லி பாத்தப்பவும் இடது பரைட்டல் பகுதியில உழைப்பு குறைவாதான் தெரிஞ்சுது.

ஒண்ணு நேர்மையா சொல்லணும், இதெல்லாம் சின்ன ஆராய்ச்சிங்க, ஸ்விக்கர் பாத்தது ஒரு பக்கம் ஏழு பேர், இன்னொரு பக்கம் ஏழு பேர். இதை மட்டும் வெச்சு மூளையில இந்த இடம்தான் கோளாறுன்னு விரல் வெச்சு சொல்ல முடியாது, விஞ்ஞானிங்களும் அப்படி சொல்லல. ஆனா வேற வேற நாட்டுல வேற வேற மாதிரி பாத்தும் ஒரே பக்கம் கை காட்டுது, அதாவது முன்கணக்கு போடுறதும், தப்பை வெச்சு அதைத் திருத்திக்கிறதும், பழகினதைப் பின்னாடி ஒப்படைக்கிறதும் இந்தப் பிள்ளைங்களுக்கு மெதுவா, கஷ்டமா நடக்குது.

இப்ப அந்த ஓடி சொன்ன வாக்கியத்துக்கு வாங்க. நமக்கு பின்னாடி தானா ஓடுற வேலை இவனுக்கு முன்னாடி, நெத்திப் பகுதியில, ஒவ்வொரு தடவையும் புதுசா ஓடுது. நம்ம பிள்ளை கவனம் இல்லாம தண்ணியைக் கொட்டல, கவனத்தை மட்டுமே வெச்சு ஒரு செம்புத் தண்ணியைக் குடிக்கப் பாக்குறான். அப்ப நாம பக்கத்துல நின்னு "கவனமா"ன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான், இருக்கிறதெல்லாம் ஏற்கனவே போட்டாச்சு, இப்ப நம்ம குரலையும் சேத்து கவனிக்கணும், பயம் வேற. கை இன்னும் இறுகிப் போகும். என் பையன் எழுதுறப்ப பென்சில் முனை உடையற அளவுக்கு அழுத்துவான், பேப்பர் கிழியும், அதுக்கும் திட்டு வாங்கியிருக்கான், எவ்வளவு பலம் போதும்னு முன்கூட்டி தெரியாதவன் அதிகமாதானே போடுவான்.

எழுத்தைப் பத்தி தனியா சொல்லணும். நம்ம தமிழ் எழுத்து பூரா வளைவும் சுழியும். மூணு சுழி "ண" எழுதுறப்ப கை எத்தனை தடவை திசை மாத்துதுன்னு மெதுவா எழுதிப் பாருங்க, எங்க நிறுத்தணும், எங்க திரும்பணும், எத்தனை சுழி ஆச்சு, அடுத்து கோடு எங்க இறங்கணும், அது முடிஞ்சு கால் போடணுமா புள்ளியா. நமக்கு இது ஒரு எழுத்து, அவனுக்கு அது ஏழெட்டு தனித்தனி வேலை. இதுல மிஸ் டிக்டேஷன் வேற சொல்லிக்கிட்டே போறாங்க, காதுல கேக்கணும், எழுத்துக்கூட்டணும், சுழி போடணும், எல்லாத்துக்கும் ஒரே நெத்திப் பகுதி. அதனாலதான் வாயால கேட்டா முழு மார்க் வாங்குறவன் பேப்பர்ல பாதி எழுதிட்டு நிறுத்திடுறான். வாய்ல பதில் சொல்றப்ப இருக்கிற அறிவும் பேப்பர்ல தெரியுற அறிவும் ரெண்டு வேற வேற பிள்ளைங்களோடது மாதிரி இருந்தா, தயவுசெஞ்சு "சோம்பேறித்தனம்"னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

விளையாட்டுலயும் அதே கதைதான், பாண்டி ஆடுறப்ப நொண்டிக்கால்ல நிக்க முடியாது, அஞ்சாங்கல்லு தூக்கிப் போட்டா பிடிக்க முடியாது, பம்பரத்துக்குக் கயிறு சுத்தவே பத்து நிமிஷம். கொஞ்ச நாள்ல பிள்ளை "எனக்கு விளையாடப் பிடிக்காது"ன்னு சொல்ல ஆரம்பிச்சிடும். பிடிக்காம இல்ல, டீம் பிரிக்கிறப்ப கடைசி ஆளா நிக்கப் பிடிக்கல. விளையாடாம இருக்க இருக்க உடம்பு பலம் குறையும், எடை கூடும், பழக்கம் இன்னும் கம்மியாகும், மனசுல பதட்டமும் சோர்வும் சேரும். இந்தச் சுழல்தான் எனக்கு டிசிடியை விட பயமா இருந்துச்சு.

எதனால வருதுன்னு கேட்டா, ஒரே காரணம்னு கிடையாது. குறைமாசத்துல, ரொம்ப கம்மி எடையில பிறந்த பிள்ளைங்களுக்கு வாய்ப்பு அதிகம்ங்கிறது நல்லா தெரிஞ்ச விஷயம், உலகத்துலயே குறைமாசப் பிரசவம் எண்ணிக்கையில அதிகமா நடக்கிற நாடு இந்தியாதான், அதனால நம்ம ஊர்ல இதைப் பத்தி இன்னும் நிறைய பேசணும். ஆனா முழு மாசத்துல நல்ல எடையோட பிறந்த பிள்ளைங்களுக்கும் வருது, என் பையன் அப்படித்தான். நீங்க வளர்த்த விதத்தால வரல, போன் பாத்ததால வரல, மாசமா இருக்கிறப்ப எதையோ சாப்பிட்டதால வந்துச்சுன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. டிசிடி இருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஏடிஎச்டியும், அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற குறைபாடும், சேந்து இருக்கு, சிலருக்குப் படிப்புக் குறைபாடு, பேச்சுச் சிக்கல், ஆட்டிசமும் சேரலாம், அதனால ஒண்ணு கண்டுபிடிச்சா மத்ததையும் பாத்துடச் சொல்லுங்க.

பெத்தவங்க நிறைய பேர் முதல்ல கேக்குறது "ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமா"ன்னுதான். தெரியாது. நான் மேல சொன்ன எஃப்எம்ஆர்ஐ எல்லாம் ஆராய்ச்சிக்கு, ஒரு தனிப் பிள்ளைக்கு டிசிடி இருக்கா இல்லையான்னு சொல்ல அது உதவாது. சாதாரண எம்ஆர்ஐ எடுத்தா பெரும்பாலும் எல்லாம் நார்மல்னுதான் வரும், அந்த ரிப்போர்ட்டைக் காட்டி "பாத்தியா ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் அக்கறை இல்ல"ன்னு பிள்ளைகிட்ட சொல்றதை விட பெரிய அநியாயம் கிடையாது. டாக்டர் ஸ்கேன் எழுதினா வேற ஏதாவது நோய் இருக்கான்னு பாக்கத்தான் எழுதுவாரு. டிசிடியைக் கண்டுபிடிக்கிறது பேசியும் பாத்தும்தான். பெத்தவங்களுக்கு 15 கேள்வி இருக்கிற ஒரு படிவம் இருக்கு, பந்து பிடிக்கிறது எப்படி, எழுதுறது எப்படின்னு அதே வயசுப் பிள்ளைங்களோட ஒப்பிட்டு மார்க் போடணும். அப்புறம் மூவ்மென்ட் ஏபிசின்னு ஒரு சோதனை, எட்டு வேலை கொடுப்பாங்க, விரல் வேலை, குறி பாத்து எறிஞ்சு பிடிக்கிறது, பேலன்ஸ்னு மூணு பகுதி. இதை ஓடியோ பிசியோதெரபிஸ்டோ செய்வாங்க, முடிவு சொல்றது குழந்தை நல டாக்டரோ குழந்தை நரம்பியல் டாக்டரோ.

இங்க ஒரு எச்சரிக்கை. முன்னாடி நல்லா செஞ்ச வேலையை இப்ப செய்ய முடியல, ஒரு பக்கம் கை கால் மட்டும் வலுவில்லாம இருக்கு, விழுறது நாளுக்கு நாள் அதிகமாகுது, தரையில இருந்து எழுந்திருக்கிறப்ப தொடையில கையை ஊனி ஊனி ஏறுது, ஆடுசதை ரொம்பப் பெருசா இருக்குன்னா அது டிசிடி மாதிரி இல்ல, நரம்பு நோயாவோ தசை நோயாவோ இருக்கலாம், நாள் தள்ளாம டாக்டர்கிட்ட போயிடுங்க. டிசிடி இருக்கிற பிள்ளை மெதுவாவாவது முன்னேறும், பின்னாடி போகாது.

மருந்து உண்டான்னா இல்ல. டானிக், எண்ணெய், மூளைக்குன்னு விக்கிற பவுடர் எதுக்கும் காசு கொட்டாதீங்க, நான் கொட்டியிருக்கேன். வேலை செய்யறது பழக்கம்தான், ஆனா எப்படிப் பழகணும்ங்கிறதுல விஷயம் இருக்கு. 2019ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்றது, பிள்ளைக்கு எந்த வேலை வரணுமோ அந்த வேலையையே பழக்குங்கன்னு. பட்டன் போட வரணும்னா பட்டனைத்தான் பழகணும், களிமண் உருட்டிக்கிட்டே இருந்தா ஒரு நாள் பட்டன் தானா வந்துடும்னு காத்திருக்கக் கூடாது. தெரபி சென்டர் போனா நீங்க தைரியமா கேளுங்க, "இந்தப் பயிற்சி என் பிள்ளையோட எந்த வேலைக்கு"ன்னு. தெளிவா பதில் வந்தா அது நல்ல இடம்.

கனடாவுல உருவான ஒரு முறை எங்களுக்கு ரொம்ப உதவுச்சு, நாலு கேள்விதான் அதுல. என்ன செய்யணும், எப்படி செய்யப் போற, செஞ்சு பாரு, உன் திட்டம் வேலை செஞ்சுதா. முக்கியமான விஷயம், பதிலை நாம சொல்லக் கூடாது, பிள்ளை கண்டுபிடிக்கணும். தானா வர வேண்டிய முன்கணக்கு வரலன்னா நெத்திப் பகுதியை வெச்சே ஒரு நல்ல திட்டம் போட்டுக் கொடுக்கிறோம், இவனுங்களுக்கு யோசிக்கத் தெரியும்ல, அந்த பலத்தைப் பிடிச்சுக்கிறோம்.

எது வேணும்னு ஓடி அக்கா கேட்டப்ப என் பையன் எழுத்தைச் சொல்லல, பந்தைச் சொல்லல, "அண்ணாந்து தண்ணி குடிக்கணும்"னான். எனக்கு அங்கேயே கண்ணு கலங்கிடுச்சு. செம்பை விட்டுட்டு சின்ன டம்ளர்ல பாதி தண்ணி, வாஷ்பேசின் பக்கத்துல நின்னு, கொட்டினா யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, இது எங்களுக்கு அக்கா போட்ட ரூல். முதல்ல நான் குடிக்கிறதை அவன் பாத்தான், "அம்மா நீ ஊத்திக்கிட்டே இருக்கலயே, நடுவுல நிறுத்துற"ன்னான். நான் நிறுத்துறேன்னு எனக்கே தெரியாது. அப்புறம் அவனே திட்டம் போட்டான், மூணு எண்ணுற வரைக்கும் ஊத்து, நிறுத்து, முழுங்கு, மறுபடி. முதல் வாரம் சட்டை நனைஞ்சுது. எந்த இடத்துல தப்பாச்சுன்னு கேட்டா "மூணு ஜாஸ்தி, ரெண்டு போதும்"னு அவனே மாத்தினான். ஒண்ணரை மாசம் ஆச்சு. இப்பவும் மனசுக்குள்ள எண்ணித்தான் குடிக்கிறான், அத்தை கோலம் போட்ட மாதிரி பேசிக்கிட்டே செய்ய வரல, ஆனா குடிக்கிறான், போன மாசம் கல்யாண வீட்ல பந்தி முடிஞ்சு அவனே போய் தண்ணி கேட்டு வாங்கினான்.

வீட்ல மாத்தினது இன்னும் கொஞ்சம் இருக்கு, வேகமா சொல்றேன். சட்டை பட்டனைக் கீழ இருந்து மேல போடுறது, அப்பதான் ஜோடி மாறாது. ஸ்கூல் ஷூவுக்கு லேஸ் வேண்டாம், ஒட்டுற பட்டை போதும். காலையில அவசரத்துல எதையும் கத்துக்கொடுக்கிறதில்ல, சாயங்காலம் பத்து நிமிஷம், அதுவும் ஒரு வேலை மட்டும். பந்துக்குப் பதிலா முதல்ல பலூன், அது மெதுவா வரும், முன்கணக்கு போட நேரம் கிடைக்கும், அப்புறம் பெரிய ரப்பர் பந்து, கடைசியா டென்னிஸ் பந்து. டீம் விளையாட்டுக்கு அவசரப்படல, நீச்சல்ல சேத்தோம், அங்க யாரும் அவன்கிட்ட பந்து வீச மாட்டாங்க, அவன் வேகத்துல அவன் போகலாம். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைன்னா தயவுசெஞ்சு வலது கைக்கு மாத்தாதீங்க, இருக்கிற கஷ்டம் போதும்.

ஸ்கூல்ல பேசுறதுதான் கஷ்டமான வேலை. எங்களுக்கு முதல் ஸ்கூல்ல "எல்லாரும் இப்படி லெட்டர் கொண்டு வந்தா நாங்க என்ன பண்றது"ன்னு சொன்னாங்க, நான் அழுதுக்கிட்டே வெளிய வந்தேன். அப்ப எனக்குச் சட்டம் தெரியாது. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையைப் பட்டியல் போடுது, அதுல குறிப்பிட்ட கற்றல் குறைபாடுங்கிற வகைக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்துல டிஸ்லெக்சியா (வாசிக்கிறதுல சிக்கல்), டிஸ்கிராஃபியாவோட (எழுதுறதுல சிக்கல்) சேத்து டிஸ்ப்ராக்சியாங்கிற வார்த்தையும் எழுத்துலயே இருக்கு. இதை பிரிண்ட் எடுத்து கையில வெச்சுக்கோங்க. சான்றிதழ் கிடைச்சா பரீட்சையில கூடுதல் நேரம், தேவைப்பட்டா சொல்றதை எழுத ஆள் இதெல்லாம் கேக்க வழி இருக்கு. சான்றிதழ் வர்றதுக்கு முன்னாடியே ஒரு நல்ல மிஸ்ஸால செய்யக்கூடியது நிறைய, போர்டுல இருந்து காப்பி பண்ற அளவைக் குறைக்கலாம், சில பதிலை வாயால கேக்கலாம், அழகுக்கு மார்க் குறைக்காம இருக்கலாம். இப்ப இருக்கிற ஸ்கூல்ல அவனோட மிஸ் வீட்டுப்பாடத்துல பத்து கணக்குக்குப் பதில் அஞ்சு எழுதினா போதும்னு சொல்லிட்டாங்க, அஞ்சும் சரியா எழுதுறான்.

தனியார் தெரபிக்கு வசதி இல்லாதவங்க மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலயோ மெடிக்கல் காலேஜ்லயோ இருக்கிற மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தைத் தேடிப் போங்க. 2013ல ஆரம்பிச்ச தேசிய சிறார் நலத் திட்டத்துக்குக் கீழ வருது, பிறந்ததுல இருந்து 18 வயசு வரைக்கும் பாப்பாங்க, உடல் அசைவு வளர்ச்சித் தாமதமும் கற்றல் குறைபாடும் அவங்க பட்டியல்லயே இருக்கு.

வளர்ந்தா சரியாயிடுமான்னு கேப்பீங்க. பாதிக்கு மேல பேருக்கு டீன் ஏஜ்லயும் அதுக்கு அப்புறமும் ஏதோ ஒரு அளவுல தொடரும். டேனியல் ராட்க்ளிஃப்ங்கிற இங்கிலீஷ் நடிகர் தனக்கு லேசான டிஸ்ப்ராக்சியா இருக்குன்னும், ஷூ லேஸ் கட்டுறதுக்கு இப்பவும் கஷ்டப்படுறேன்னும் 2008ல வெளிப்படையா சொன்னாரு. வயசாக ஆக என்ன நடக்குதுன்னா எந்த வேலையை எப்படிச் சுத்திப் போகலாம்னு அவங்களே கண்டுபிடிச்சிடுறாங்க, எழுத்துக்குப் பதில் டைப்பிங், லேஸுக்குப் பதில் செருப்பு. பைக், கார் ஓட்டக் கத்துக்க கூடுதல் நாள் ஆகலாம்.

என் பையனுக்கு இப்ப பத்து வயசு. இந்த லீவுல சைக்கிள் வேணும்னு கேட்டிருக்கான். பெடலைக் கழட்டிட்டு, சீட்டை இறக்கி, கால் ரெண்டும் தரையில படுற மாதிரி வெச்சு, முதல்ல உந்தி உந்தி பேலன்ஸ் மட்டும் பழகலாம்னு அவனே ஒரு பேப்பர்ல எழுதி, கோணல் எழுத்துலதான், ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கான்.